ரெண்டாவது குழந்தைக்கு வலி வர வெச்சா எப்படி இருக்கும்? நான் பெத்ததும் பார்த்ததும்

தங்கச்சி கேட்டது இதுதான். ரெண்டாவது குழந்தை, 38 வாரம் முடிஞ்சிடுச்சு, கர்ப்ப கால சுகர் இருக்கு, இன்சுலின் போடுறாங்க, அடுத்த வாரம் அட்மிட் ஆயிடுங்க வலி வர வெச்சுடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. மூத்தவ சுகப்பிரசவம், அப்ப வலி தானா வந்துச்சு. இப்ப ட்ரிப்ஸ் ஏத்தி வர வைக்கிற வலிய தாங்கவே முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, பலிக்கலனா ஆபரேஷன் பண்ணிடுவாங்களா, 4 வயசு குழந்தைய யார்கிட்ட விட்டுட்டு போறதுன்னு மூணு கேள்வி.

நான் லேபர் வார்டுல 11 வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். என் ரெண்டாவது பையனும் இதே சுகருக்காக வலி வர வெச்சு பொறந்தவன்தான். அதனால நான் கட்டில்ல படுத்தும் பார்த்திருக்கேன், கட்டில் பக்கத்துல நின்னும் பார்த்திருக்கேன், ரெண்டும் ஒண்ணு இல்லன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

முதல்ல ஏன் வர வைக்கிறாங்கன்னு புரிஞ்சுக்கோங்க, அது புரிஞ்சா பாதி பயம் போயிடும். எனக்கு 26வது வாரத்துல 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சு குடுத்து 2 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க, 140க்கு கீழ இருக்கணும், எனக்கு 162. சாப்பாட்ட மாத்தி, சாதத்த குறைச்சு, சாயங்காலம் நடந்து எல்லாம் பண்ணியும் 32வது வாரத்துல இன்சுலின் ஆரம்பிக்க வேண்டியதாயிடுச்சு. சுகர் சரியா கட்டுப்படாம இருந்தா கடைசி வாரங்கள்ல வயித்துக்குள்ளயே குழந்தைக்கு ஆபத்து வரலாம், குழந்தை தோள் பக்கம் பெருத்துட்டா தலை வெளிய வந்த பிறகு தோள் மாட்டிக்கலாம், அதனாலதான் சுகர் கட்டுக்குள்ள இருந்தாக்கூட 39 வாரம் ஆனதும் பேச ஆரம்பிச்சுடுவாங்க. பிபி ஏறினா, பனிக்குடம் உடைஞ்சும் வலி வரலனா, 41 வாரம் தாண்டிட்டா, குழந்தை வளர்ச்சி நின்னுட்டா இதெல்லாமும் சரியான காரணங்கள். ஆனா "ஸ்கேன்ல குழந்தை பெருசா தெரியுது" அப்படிங்கறது மட்டும் காரணம்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேளுங்க, கடைசி மாச ஸ்கேன் எடை அரை கிலோ வரைக்கும்கூட முன்ன பின்ன இருக்கும். என் பையன் 3.6 கிலோன்னு ஸ்கேன்ல போட்டிருந்தது, பொறந்தப்ப 3.1.

என் மாமியார் அட்மிட் ஆகுற நாள் அஷ்டமின்னு சொல்லி ஒரு நாள் தள்ள முடியுமான்னு கேட்டாங்க. டாக்டர்கிட்ட கேட்டேன், சுகர் கட்டுக்குள்ள இருக்கு, குழந்தை அசைவு நல்லா இருக்கு, ஒரு நாள் தள்ளலாம்னாங்க, தள்ளினோம். ஆனா பிபி அதிகமா இருக்குறவங்க, அசைவு குறைஞ்சவங்க இப்படி நாள் பார்த்து உட்காரவே கூடாது, நல்ல நேரத்துக்காக ஒரு ராத்திரி காத்திருந்து அழுதவங்கள என் வார்டுல பார்த்திருக்கேன்.

அட்மிட் ஆனதும் உள்பரிசோதனை பண்ணி கர்ப்பப்பை வாய் எப்படி இருக்குன்னு பார்ப்பாங்க. எவ்வளவு திறந்திருக்கு, எவ்வளவு மெலிஞ்சிருக்கு, மெத்துன்னு இருக்கா கெட்டியா இருக்கா, முன்னாடி பார்த்திருக்கா பின்னாடியா, தலை எவ்வளவு இறங்கியிருக்கு, இந்த அஞ்சுக்கும் மார்க் போடுவாங்க, மொத்தம் 13. இதுக்கு பிஷப் ஸ்கோர்னு பேர், எட்வர்ட் பிஷப்னு ஒரு டாக்டர் 1964ல எழுதினது, அவர் அத எழுதினதே ஏற்கனவே பிள்ளை பெத்தவங்களுக்காகத்தான், அதாவது உங்கள மாதிரி என்ன மாதிரி ஆளுங்களுக்கு. 8க்கு மேல இருந்தா உடம்பு தயார், 6க்கு கீழனா முதல்ல வாய பழுக்க வைக்கணும், பழுக்காம நேரா ட்ரிப்ஸ் போட்டா வலி மட்டும் வரும், வழி திறக்காது. உங்க ஸ்கோர் என்னன்னு தயங்காம கேளுங்க, சொல்லுவாங்க. எனக்கு 4.

பழுக்க வைக்க மூணு வழி நம்ம ஊர்ல அதிகமா பண்றாங்க. ஒண்ணு ஜெல், பிரிட்ஜ்ல வெச்சிருப்பாங்க, கர்ப்பப்பை வாய்க்குள்ள விடுவாங்க, தேவைப்பட்டா 6 மணி நேரம் கழிச்சு மறுபடி. இன்னொண்ணு மிசோப்ரோஸ்டால் மாத்திரை, 25 மைக்ரோகிராம்னு ரொம்ப சின்ன டோஸ். மூணாவது ஃபோலி பலூன், யூரின் போக வைக்கிற அதே ரப்பர் குழாய்தான், அத கர்ப்பப்பை வாய்க்கு மேல வரைக்கும் விட்டு நுனியில இருக்கிற பலூன்ல சலைன் தண்ணி நிரப்பி கீழ்ப்பக்கத்த தொடையில பிளாஸ்டர் போட்டு ஒட்டிடுவாங்க, அது உள்ளருந்து அழுத்தி அழுத்தி வாய மெதுவா திறக்கும். நாக்பூர்ல ரெண்டு அரசு ஆஸ்பத்திரில பிபி அதிகமா இருந்த 602 பேர்கிட்ட பலூனையும் வாய்வழி மிசோப்ரோஸ்டால் மாத்திரையையும் ஒப்பிட்டு பார்த்து 2017ல வெளியிட்டாங்க, 24 மணி நேரத்துக்குள்ள சுகப்பிரசவம் ஆனது மாத்திரைல 57 சதவீதம், பலூன்ல 47. அப்ப மாத்திரைதான நல்லதுன்னு தோணும். ஆனா ரெண்டாவது மூணாவது பிரசவத்துக்கு கர்ப்பப்பை மருந்துக்கு சட்டுனு கேட்டுடும், வலி அளவுக்கு மீறி அடிக்க ஆரம்பிச்சா முழுங்கின மாத்திரைய திருப்பி எடுக்க முடியாது, பலூன எடுத்துடலாம். எனக்கு பலூன் போதும்னு டாக்டர் சொன்னப்ப நான் நிம்மதியா சரின்னேன். முன்னாடி சிசேரியன் ஆனவங்களுக்கு மிசோப்ரோஸ்டால் போடவே கூடாது, பழைய தையல் பிரிஞ்சு கர்ப்பப்பை கிழியுற ஆபத்து இருக்கு, அவங்க இந்த பதிலோட மத்த பகுதிய தங்களுக்குன்னு எடுத்துக்காம தங்க டாக்டர்கிட்ட தனியா பேசணும்.

சாயங்காலம் 5 மணிக்கு பலூன் வெச்சாங்க. வைக்கிறப்ப ஒரு நிமிஷம் பல்ல கடிச்சுக்கிட்டேன், அப்புறம் மாதவிடாய் வலி மாதிரி அடிவயிறு இழுத்துக்கிட்டே இருந்துச்சு, அவ்வளவுதான். அம்மா வீட்லருந்து சீரகத் தண்ணி கொண்டு வந்தாங்க, சூட்டு வலியா இருந்தா இத குடிச்சா நின்னுடும், நெஜ வலின்னா ஏறும்னு சொல்லுவாங்க இல்லயா, குடிச்சேன், தப்பே இல்ல. விளக்கெண்ணெய் மட்டும் குடிக்காதீங்க யார் சொன்னாலும், பேதியாகி உடம்புல தண்ணி வத்தி தலைசுத்தி வந்து சேர்ந்தவங்கள பார்த்திருக்கேன். அன்னிக்கு ராத்திரி நல்லா சாப்பிடுங்க, தூங்குங்க. எனக்கு ராத்திரி 2 மணிக்கு பாத்ரூம் போனப்ப பலூன் தானா வழுக்கி விழுந்துச்சு, ரத்தம் கலந்த சளி மாதிரி கொஞ்சம் வந்துச்சு, அது பயப்படுறது இல்ல, வாய் 3 சென்டிமீட்டர் திறந்துடுச்சுன்னு அர்த்தம்.

காலைல 6 மணிக்கு குழந்தை இதயத்துடிப்பு அரை மணி நேரம் பார்த்தாங்க, 110லருந்து 160க்குள்ள இருக்கணும். இன்சுலின் அன்னிக்கு காலைல போடல, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை விரல்ல குத்தி சுகர் பார்த்தாங்க. அப்புறம் பனிக்குடத்த உடைச்சு விட்டாங்க, அது வலிக்காது, வெதுவெதுன்னு தண்ணி கொட்டும், அந்த தண்ணி என்ன கலர்னு கேளுங்க, தெளிவா இருந்தா நல்லது, பச்சையா இருந்தா குழந்தை உள்ள மலம் கழிச்சிருக்குன்னு கூடுதலா கவனிப்பாங்க. 7 மணிக்கு ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ்.

இந்த "வலி ஊசி"ய பத்தி ஒரு வார்த்தை. இது ஏதோ விஷ மருந்து மாதிரி வீட்ல பேசுவாங்க, ஆனா நம்ம மூளை தானா சுரக்கிற அதே ஹார்மோன்தான், பால் குடுக்கிறப்ப சுரக்குறதும் இதேதான். 1953ல வின்சென்ட் டு விக்னோங்கறவர் இத லேப்ல செஞ்சு காட்டினார், 1955ல அவருக்கு நோபல் பரிசு. மருந்துல தப்பு இல்ல, எவ்வளவு வேகமா ஏத்துறாங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. சொட்டு சொட்டா ரொம்ப குறைவா ஆரம்பிச்சு அரை மணிக்கு ஒரு தடவை கூட்டி, 10 நிமிஷத்துக்கு 3, 4 வலி வந்ததும் அதோட நிறுத்தணும். 10 நிமிஷத்துல 5க்கு மேல வந்தா அது அதிகம், வலிக்கு நடுவுல குழந்தைக்கு ஆக்ஸிஜன் சரியா போய்ச் சேர நேரம் கிடைக்காது, உடனே சொட்ட குறைக்கணும் இல்ல நிறுத்தணும், இடது பக்கம் திரும்பி படுக்க வைக்கணும். நிறுத்தினா சில நிமிஷத்துலயே வேகம் அடங்க ஆரம்பிச்சுடும், ட்ரிப்ஸோட பெரிய வசதியே அதுதான். கூட இருக்கிறவங்க கையில ஒரு வாட்ச் இருக்கட்டும், ஒரு வலி தொடங்கினதுலருந்து அடுத்தது தொடங்குற வரைக்கும் எவ்வளவு நேரம்னு குறிச்சுக்கிட்டே வரட்டும், இடைவெளியே இல்லாம வந்தா கூப்பிட்டு சொல்லட்டும். கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயும் இப்ப பிரசவத்துக்கு துணையா ஒரு பொம்பள உள்ள இருக்கலாம், அம்மாவோ அக்காவோ, கேட்டு வாங்கிக்கோங்க.

இப்ப வலி அதிகமான்னு கேட்டீங்க. உண்மைய சொல்லிடுறேன். மூத்தவளுக்கு வலி வந்தப்ப ராத்திரி முழுக்க வீட்ல நடந்தேன், சுடுதண்ணி ஊத்திக்கிட்டேன், தோசை கூட சாப்பிட்டேன், வலி மெல்ல மெல்ல ஏறுச்சு, நானும் அதுகூடவே ஏறினேன். ட்ரிப்ஸ் வலி அப்படி ஏறாது. 7 மணிலருந்து 10 மணி வரைக்கும் ஒண்ணுமே பெருசா இல்ல, இதுதானான்னு நினைச்சேன், பக்கத்துல அம்மாகிட்ட மூத்தவளுக்கு மதியம் என்ன சமைக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருந்தேன், 10 மணிக்கு மேல திடீர்னு ஒவ்வொரு வலியும் உச்சத்துலயே ஆரம்பிச்ச மாதிரி வந்துச்சு. ஒவ்வொரு வலியோட பலம் முதல் பிரசவ கடைசி நேர வலி அளவுதான், அதவிட கூட இல்ல, ஆனா பழகிக்க நேரம் குடுக்கல, கையில ட்ரிப்ஸ், வயித்துல குழந்தை துடிப்பு பார்க்கிற பெல்ட், இஷ்டத்துக்கு நடக்கவும் முடியல. படுத்தே இருக்காதீங்க, சேர்ல நிமிர்ந்து உட்காரலாமா, கட்டில் பக்கத்துல நின்னு முன்னாடி சாயலாமான்னு கேளுங்க, பெல்ட் கட்டிக்கிட்டேகூட அத பண்ணலாம். தாங்க முடியாதுன்னு இப்பவே தோணினா எபிடியூரல், அதாவது முதுகுல ஊசி போட்டு வலி தெரியாம மரத்துப்போக வைக்கிறது, இருக்கான்னு அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வைங்க, பல ஆஸ்பத்திரில அதுக்கான மயக்க டாக்டர் எல்லா நேரமும் இருக்க மாட்டாங்க.

இனிமேல் சொல்றதுதான் நான் இவ்வளவு எழுதுறதுக்கே காரணம், தயவு செஞ்சு இத மட்டும் ரெண்டு தடவை படிங்க.

10:30க்கு உள்பரிசோதனை பண்ணாங்க, 4 சென்டிமீட்டர். சரி, சாயங்காலம் ஆகும்னு சொல்லிட்டு போயிட்டாங்க. 11:10க்கு எனக்கு கீழ்ப்பக்கம் மோஷன் வர மாதிரி ஒரு அழுத்தம், நான் சிஸ்டர்கிட்ட சொன்னேன், "இப்பதான பார்த்தாங்க, 4 தான், அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது, படுங்க"ன்னாங்க. மறுபடி சொன்னேன். நான் ஒரு நர்ஸ், எனக்கு தெரியும்னும் சொன்னேன். மூத்ததுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு திருப்பி கேட்டாங்க, 14 மணி நேரம்னேன், அப்ப இதுக்கும் நேரம் ஆகும்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்கு போயிட்டாங்க. 11:30க்கு எனக்கு தானா முக்கல் வந்துச்சு, அடக்க முடியல, எங்கம்மா போர்வைய தூக்கி பார்த்துட்டு போட்ட சத்தத்துலதான் எல்லாரும் ஓடி வந்தாங்க. தலை தெரிஞ்சுடுச்சு. 11:38க்கு பையன் பொறந்துட்டான், கையுறை ஒரு கைல மாட்டி இன்னொரு கைல மாட்டாத நிலைமைல பிடிச்சாங்க. அவசரமா வந்ததுல உள்ள கிழிஞ்சு நாலு தையல். அந்த ட்ரிப்ஸ் கடைசி வரைக்கும் அதே வேகத்துல ஓடிக்கிட்டே இருந்துச்சு, குறைக்க யாரும் இல்ல.

ரெண்டாவது பிரசவத்துல இது அபூர்வம் இல்ல தங்கச்சி, இப்படியும் நடக்கும். ஏற்கனவே ஒரு தடவை திறந்த வழி, 4, 5 சென்டிமீட்டர் வரைக்கும் எவ்வளவு மெதுவா வேணா வரும், அதுக்கு மேல ஒரு மணி நேரத்துல முழுசா திறந்துடலாம், அரை மணில கூட. கடைசியா பார்த்த சென்டிமீட்டர வெச்சு கணக்கு போடக்கூடாது, அந்த பொம்பள என்ன சொல்றாங்கறத வெச்சுத்தான் போடணும். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம படுத்திருந்தப்ப எனக்கு அந்த சிஸ்டர் மேல கோவத்தவிட அதிகமா ஒண்ணு உறுத்துச்சு, அந்த வாக்கியத்த, "இப்பதான பார்த்தேன், படும்மா"ங்கறத, நான் என் வார்டுல எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன்னு. எட்டு வருஷமா சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் சொன்னதில்ல. ரெண்டாவது பிரசவம்னு தெரிஞ்சு யாராவது மோஷன் வர மாதிரி இருக்கு அக்கான்னா அடுத்த நொடி கையுறை மாட்டிடுவேன்.

அதனால நீங்க "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, லேபர் வார்டுல எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க, காதுல விழாது. "கீழ அழுத்துது, முக்கல் வருது, இது எனக்கு ரெண்டாவது, இப்பவே பாருங்க"ன்னு சொல்லுங்க, முழு வாக்கியமா, சத்தமா. துணைக்கு வர்றவங்களுக்கும் இந்த வார்த்தைய முன்னாடியே சொல்லிக் குடுங்க. மோஷன் வர மாதிரி இருந்தா தனியா பாத்ரூமுக்கு எழுந்து போகவே போகாதீங்க.

ஆபரேஷன் பயத்துக்கு வர்றேன். மூத்தது சுகப்பிரசவம்ங்கறது உங்ககிட்ட இருக்கிற பெரிய பலம், முதல் தடவை வலி வர வைக்கிறவங்களவிட உங்களுக்கு சுகப்பிரசவம் ஆக வாய்ப்பு நல்லாவே அதிகம். நடுவுல குழந்தை துடிப்பு குறைஞ்சாலோ தலை இறங்காம நின்னாலோ ஆபரேஷன் தேவைப்படலாம், அது யாரோட தோல்வியும் இல்ல. ஆனா பனிக்குடம் உடைச்சு ட்ரிப்ஸ் போட்டு அஞ்சாறு மணி நேரம்தான் ஆகுது, குழந்தை நல்லா இருக்கு, நீங்களும் நல்லா இருக்கீங்கன்னா, அப்பவே "பலிக்கல"ன்னு முடிவு பண்றது அவசரம், 12 மணி நேரமாவது குடுத்து பார்க்கணும். அம்மாவும் குழந்தையும் நல்லா இருந்தா இன்னும் கொஞ்சம் பார்க்கலாமான்னு உங்க வீட்டுக்காரர் கேட்கலாம், கேட்கிறது மரியாதைக்குறைவு ஆகாது.

பொறந்த பிறகு மூணு விஷயம் எதிர்பாருங்க. குழந்தை வந்ததும் தொடையில ஒரு ஊசி போடுவாங்க, 10 யூனிட் ஆக்ஸிடோசின், நஞ்சுக்கொடி விழவும் ரத்தப்போக்கு குறையவும், வலி வர வெச்சவங்களுக்கு கர்ப்பப்பை களைச்சு தளர்ந்து போக வாய்ப்பு இருக்கறதால அடிவயித்த அமுக்கி அமுக்கி பார்ப்பாங்க, வலிக்கும், பார்க்க விடுங்க. நாப்கின் அரை மணிக்குள்ள முழுசா நனைஞ்சா உடனே சொல்லுங்க. ரெண்டாவது, சுகர் இருந்த அம்மாவோட குழந்தைக்கு பொறந்ததும் சுகர் இறங்கிடலாம், அதனால குதிகால்ல குத்தி பார்ப்பாங்க, குழந்தை அழுறத பார்த்து மனசு கலங்கும், ஆனா அது தேவை. அதுக்கு முதல் மருந்தே சீம்பால்தான், ஒரு மணி நேரத்துக்குள்ள மார்ல போடுங்க, சர்க்கரைத் தண்ணி தேன் எதுவும் நாக்குல வைக்க விடாதீங்க, பாட்டி கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. மூணாவது, பால் குடுக்கிறப்பல்லாம் அடிவயிறு பிசையும், மூத்ததுக்கு இவ்வளவு இருந்திருக்காது, ரெண்டாவதுக்கு நல்லாவே தெரியும், கர்ப்பப்பை சுருங்குற வலி அது, ரெண்டு மூணு நாள்ல போயிடும், பாரசிட்டமால் போட்டுக்கலாம், பாலுக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் 6 வாரம் கழிச்சு அந்த குளுக்கோஸ் டெஸ்ட மறுபடி பண்ணுங்க, குழந்தை பொறந்ததும் சுகர் போயிடுச்சுன்னு நிறைய பேர் விட்டுடுறாங்க, பிற்காலத்துல நிரந்தர சுகர் வர வாய்ப்பு நமக்கு அதிகம்.

கடைசியா மூத்தவ. இதுல மட்டும் வலி வர வைக்கிறது நமக்கு ஒரு உதவி பண்ணுது, நாள் முன்னாடியே தெரியும். தானா வலி வந்தா ராத்திரில தூங்குற பிள்ளைய விட்டுட்டு ஓடணும், காலைல எழுந்து அம்மாவ தேடும். நான் நாலு நாள் முன்னாடியே அவகிட்ட சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமை அம்மா ஆஸ்பத்திரிக்கு போவேன், ரெண்டு ராத்திரி நீ ஆச்சி கூட படுத்துக்கணும், ஞாயித்துக்கிழமை வந்து தம்பியோ தங்கச்சியோ பார்க்கலாம்னு. அவளுக்கு பிடிச்ச சட்டைய எடுத்து வெச்சேன், என் பழைய புடவை ஒண்ண மடிச்சு அவ தலையணைக்கு பக்கத்துல வெச்சுட்டு போனேன், அத பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கினாளாம். அவ வந்தப்ப குழந்தைய என் கைல வெச்சுக்கல, தொட்டில்ல போட்டுட்டு ரெண்டு கையையும் நீட்டினேன். ஓடி வந்து மடில ஏறினா, குழந்தைய திரும்பிகூட பார்க்கல, என் கைல ஊசி ஒட்டியிருந்த பிளாஸ்டர தடவி பார்த்துட்டு "வலிக்குதாம்மா"ன்னு கேட்டா. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மெல்ல தொட்டில் பக்கம் போனா.